தொடர்பு அறுபடுவதற்கு முன்: படைகளின் பணியாளர் பிரிவுகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். போர்முனைக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டு வீட்டில் காத்திருக்கும் தாய் தகப்பனின் பயத்தைப் போக்க உங்களால் முடியாது. அதை நாங்கள் கேட்கவும் இல்லை. பிள்ளை எந்த இடத்தில் இருக்கிறது, எப்போது நகரும் என்றும் கேட்கமாட்டோம். முக்கியமாகக் கேட்பது இரண்டு. அவசரத் தொடர்புப் படிவம் சரியாக இருக்க வேண்டும். பேச்சு நின்றுபோனால் ஏன் நிற்கிறது என்பது, நிற்பதற்கு முன்பே வீட்டுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் படிவம். படையில் சேரும் நாளில், உடுப்பு வாங்கும் வரிசைக்கும் மருத்துவச் சோதனைக்கும் நடுவே அவசர அவசரமாக நிரப்பப்படுவது அது. பிறகு வீடு மாறுகிறது, கைபேசி எண் மாறுகிறது, கல்யாணம் ஆகிறது, பெற்றோர் பிரிந்து இரண்டு முகவரியில் இருக்கிறார்கள். படிவம் மட்டும் அப்படியே கோப்பில் தூங்குகிறது. அடையாள அட்டையில் ஓர் எழுத்துக்கூட்டல், வங்கிக் கணக்கில் இன்னொன்று என்றால் பின்னால் உதவித்தொகை வரை சிக்கல். திருமணம் ஆனதும் 'நெருங்கிய உறவினர்' கட்டத்தில் துணையின் பெயர் ஏறிவிடுகிறது. பெற்றோர் பட்டியலிலிருந்தே காணாமல் போகிறார்கள். செய்தி அவர்களுக்கு மருமகள் வழியாகவோ, அக்கம்பக்கத்தார் வழியாகவோதான் போய்ச் சேரும். இரண்டாவது, மூன்றாவது பெயருக்கும் கட்டம் வையுங்கள். அதில் இதய நோய் உள்ளவர் யார், தனியாக இருப்பவர் யார், எந்த மொழியில் பேச வேண்டும் என்று ஒரு வரி எழுத இடம் விடுங்கள். புறப்பாட்டுக்கு முந்தைய வாரம், அந்த எண்களை ஒவ்வொன்றாக அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மணி அடிக்காத எண் அன்றே தெரிந்துவிடும்.

அடுத்தது மௌனம். இதில்தான் பெற்றோர் அதிகம் உடைந்துபோகிறார்கள். படைப்பிரிவில் ஒருவர் இறந்தாலோ பலத்த காயம் அடைந்தாலோ, அவர் குடும்பத்துக்கு முறைப்படி சொல்லி முடிக்கும்வரை முகாமின் தொலைபேசியும் இணையமும் துண்டிக்கப்படும். பிரித்தானியப் படைகளில் இதற்கு 'ஆபரேஷன் மினிமைஸ்' என்று பெயர். அமெரிக்கப் படைகளில் 'ரிவர் சிட்டி' என்பார்கள். ஏற்பாடு நியாயமானது. ஒரு தாய் தன் மகனின் சாவைக் கைபேசித் திரையில் படிக்கக் கூடாது. ஆனால் இதற்கு ஒரு பக்கவிளைவு உண்டு: விவரம் தெரிந்த குடும்பங்களுக்கு மௌனமே செய்தியாகிவிடுகிறது. நூறு வீடுகளில் ஒரே இரவில் 'நம் பிள்ளையோ' என்று வயிற்றைப் பிசையும். ஒருவரை ஒருவர் அழைத்து, அதிலிருந்து ஒரு வதந்தி கிளம்பும்.

இதைத் தணிக்க வழி இருக்கிறது. இணைப்பு நிற்பதற்குப் பல காரணங்கள் உண்டு (இடமாற்றம், ரகசிய ஏற்பாடு, மின்னாக்கி பழுது, செயற்கைக்கோள் இணைப்புக் கோளாறு) என்று புறப்பாட்டுக்கு முன்பே எழுத்தில் கொடுங்கள். எத்தனை நாள் மௌனத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளலாம் என்று ஓர் எண்ணும் சொல்லுங்கள். அந்த நாள் கடந்தால் அழைக்க வேண்டிய ஓர் எண்ணையும் கொடுங்கள். எங்களைக் கேட்டால், எந்தக் காரணமும் இல்லாமலே அவ்வப்போது இணைப்பை நிறுத்துவதும் நல்லது. வீரர்கள் முணுமுணுப்பார்கள்தான். ஆனால் அதன்பின் மௌனத்தை வைத்து வீட்டாரும் கணக்குப் போட முடியாது, எதிரியும் போட முடியாது.

வீட்டாருக்கும் ஒரு பாடம் எடுங்கள். "எங்கே இருக்கிறாய்?" என்ற கேள்வியே கூடாது. 2018 ஜனவரியில் ஸ்ட்ராவா என்ற உடற்பயிற்சிச் செயலியின் வரைபடத்தில், வீரர்கள் ஓடிய தடங்கள் வழியாகவே பல முகாம்களின் உருவரை வெளியே தெரிந்தது. யாரும் ரகசியத்தை விற்கவில்லை. காலையில் ஓடினார்கள், அவ்வளவுதான். தோளில் படைச் சின்னம் தெரியும் படத்தைப் பெருமைக்காகப் பகிரும் அப்பாவும் அதே வேலையைத்தான் செய்கிறார்.

கெட்ட செய்தி சொல்ல நேர்ந்தால், சீருடையில் இருவர் நேரில் போக வேண்டும். முதல் உலகப் போரில் பிரித்தானியத் தரைப்படை அதிகாரி இறந்தால் வீட்டுக்குத் தந்தி போகும். சாதாரணச் சிப்பாய் என்றால் பி 104-82 என்ற அச்சடித்த படிவம் தபாலில் வரும். பெயர் போன்ற விவரங்களை மட்டும் கையால் நிரப்பிய அந்தத் தாள் போன்ற ஒன்று இனி எந்தப் படையிலும் வேண்டாம். உறுதியானதை மட்டும் சொல்லுங்கள். காயம் என்றால் எந்த மருத்துவமனை, நினைவு இருக்கிறதா, அடுத்த தகவல் எத்தனை மணிக்கு என்பவை போதும். சொன்ன மணிக்குப் புதிதாக எதுவும் இல்லாவிட்டாலும் அழைத்து, இல்லை என்று சொல்லுங்கள்.

'காணவில்லை' என்ற சொல் இவற்றிலெல்லாம் கொடியது. காணாமல் போனவர் எதிரியிடம் பிடிபட்டிருக்கவும் கூடும். போர்க்கைதிகளைப் பற்றிய 1949 மூன்றாம் ஜெனீவா ஒப்பந்தத்தின் 70-ஆவது பிரிவுப்படி, பிடிபட்டவர் முகாமுக்கு வந்து ஒரு வாரத்துக்குள் குடும்பத்துக்கும் செஞ்சிலுவையின் மையத் தேடல் முகமைக்கும் சிறைபிடிப்பு அட்டை (பிடிபட்டதைத் தெரிவிக்கும் அட்டை) எழுத வழி செய்ய வேண்டும். 71-ஆவது பிரிவு மாதம் குறைந்தது 2 கடிதமும் 4 அட்டையும் எழுதும் உரிமையைத் தருகிறது. எத்தனை பெற்றோருக்கு இது தெரியும்? தேடல் விண்ணப்பத்துக்கு முழுப்பெயர், பிறந்த தேதி, தந்தை பெயர், படை எண், பிரிவு, கடைசியாகப் பேசிய நாள் ஆகியவை வேண்டும். இவற்றை ஒரே தாளில் எழுதி வீட்டில் வைத்திருக்கச் சொல்லுங்கள். கைதிகளின் காணொளியில் பிள்ளையின் முகம் தெரிந்தால், பதற்றத்தில் பத்துப் பேருக்கு அனுப்பக் கூடாது. கைதியை வேடிக்கைப்பொருளாக்குவதை அதே ஒப்பந்தத்தின் 13-ஆவது பிரிவு தடுக்கிறது. ஒரு பிரதி, இணைப்பு, பார்த்த நேரம் ஆகியவற்றைச் சேமித்து உங்கள் தகவல் பிரிவில் கொடுக்கச் சொல்லுங்கள்.

பணியிட மாற்றம் பற்றியும் ஒரு வார்த்தை. தகப்பன் மேலதிகாரிக்கு உருக்கமாக எழுதும் கடிதம் பெரும்பாலும் பிள்ளைக்குத்தான் சங்கடம். வயது வந்தவரின் விண்ணப்பம் அவர் கையெழுத்தோடு, ஆதாரங்களோடு, உரிய வழியில்தான் வர வேண்டும் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். ஆனால் உடன்பிறந்தவர்கள் விஷயத்தில் நீங்களே விழிப்பாக இருங்கள். 1942 நவம்பரில் யு.எஸ்.எஸ். ஜூனோ என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் மூழ்கியபோது சல்லிவன் சகோதரர்கள் ஐவரும் மாண்டார்கள். சேர்ந்தே பணிபுரிய வேண்டும் என்று கேட்டவர்கள் அவர்கள்தான்.

கடைசியாக, தபால். கடிதங்கள் வரிசை மாறித்தான் வரும். உறையின் மூலையில் எண் போட்டு எழுத இரு தரப்புக்கும் சொல்லிக்கொடுங்கள். 14 வந்து 12 வராவிட்டால், 12 இன்னும் வழியில் இருக்கிறது என்று அம்மாவுக்குப் புரியும். பதில் இல்லாத கேள்வியைப் பிள்ளையின் கோபம் என்று நினைக்கமாட்டார்.

இப்படிக்கு,
படைவீரர்களின் பெற்றோர் சிலர்