கோழைத்தனமா, கணக்கா?

ஆசிரியருக்கு,

தொழில்முறை குத்துச்சண்டை வீரர்கள் பலமான ஆளைக் கண்டால் நழுவுகிறார்கள் என்று எங்கள் மஞ்சக்குப்பம் டீக்கடையில் ஒரே திட்டு. கோழைகள் என்று சொல்லிவிடுவது சுலபம். ஒலிம்பிக்கில் யாரோடு மோதுவது என்பதைக் குலுக்கல் முடிவு செய்கிறது. இங்கேயோ பணம், தேதி, எந்த டிவி என்று எல்லாவற்றிலும் இரண்டு தரப்பும் ஒத்துப்போய்க் கையெழுத்துப் போட்டால்தான் சண்டையே, அதிலும் ஒரு தோல்வி வந்தால் அடுத்த சம்பளத்தில் கை வைத்துவிடுவார்கள். மேவெதர், பாக்கியாவ் என்ற இரண்டு பெரிய வீரர்களை மோதவிடும் பேச்சு 2009இல் தொடங்கியது, மோதியது 2015 மே 2. அப்போது ஒருவருக்கு 38 வயது, மற்றவருக்கு 36! 1992இல் சாம்பியன் ரிடிக் போவ், சவாலுக்கு நின்ற லெனாக்ஸ் லூயிஸோடு மோதாமல் தன் சாம்பியன் பெல்ட் ஒன்றையே லண்டனில் குப்பைத் தொட்டியில் போட்டாரே, அதை மட்டும் என்னாலும் நியாயப்படுத்த முடியவில்லை.

ஒவ்வொரு எடைப் பிரிவுக்கும் சாம்பியன் பட்டம் தருகிற நாலு பெரிய அமைப்பு, நாலு பெல்ட். ஆளுக்கொன்று கையில் இருக்கும்போது அடுத்தவரைத் தேடிப் போக என்ன அவசரம்? உக்ரைன் வீரர் உசிக் 2024 மே மாதம் பிரிட்டனின் ஃப்யூரியை வென்று, ஹெவிவெயிட் என்ற அதிக எடைப் பிரிவில் நாலையும் சேர்த்தார், சரி, அப்படி எத்தனை பேர்? நீங்களும் 'உலக சாம்பியன்' என்று போடும்போது எந்த அமைப்பின் சாம்பியன் என்றும் சேர்த்துப் போடுங்கள்.

- வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்