புதிய கணித, அறிவியல் ஆசிரியர்களுக்குத் துணை: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் ஆசிரியப் பெருமக்களே, வணக்கம்.

வறுமையும் ஆசிரியர் பற்றாக்குறையும் சேர்ந்து வாட்டும் பள்ளிகளில் பணியேற்கும் புதிய கணித, அறிவியல் ஆசிரியர்களுக்குத் துணை நிற்பது நம் சங்கத்தின் முதல் வேலை. ஆண்டுத் தொடக்கத்தில் நடத்திய ஒருநாள் பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. உரைகள் நன்றாக இருந்தன. வகுப்பில் அவை கைகொடுக்கவில்லை என்று வந்தவர்களே சொன்னார்கள்.

கைகொடுத்தது வழிகாட்டி ஆசிரியர் திட்டம். அதே பாடத்தை நடத்தும் மூத்தவர் ஒருவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து கவனிப்பார்; மணி அடித்தபின் பேசுவார். ஒரு வகுப்பில் மாணவி ஒருத்தி 1/2, 1/3 இரண்டையும் கூட்டி 2/5 என்று எழுதினாள். புதிய ஆசிரியை அதை அடித்துவிட்டு, பொதுப் பகுதி காணும் முறையைக் கரும்பலகையில் போட்டுக் காட்டினார். அடுத்த கணக்கிலும் அதே தவறு. வழிகாட்டி சொன்னபடி மறுநாள் அவர் கேட்டது ஒரே கேள்வி: "2/5 பெரிதா, 1/2 பெரிதா?" அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அரையைவிட எப்படிக் குறையும் என்று வகுப்பே சலசலத்தது. மாணவி தானாகவே விடையை அழித்தாள். பாடம் தெரிந்தவருக்கும் பிள்ளைகள் இடறும் இடம் தெரிய வேண்டும். இதைத் தனி அறிவாகவே அமெரிக்கக் கல்வி உளவியலாளர் லீ ஷுல்மன் 1986இல் எடுத்துச் சொன்னார். நம் பயிற்சிகளில் இதற்கு இன்னும் இடமில்லை.

ஆய்வகம் இல்லாத பள்ளிகளுக்கு நூலும் கல்லும் போதும் என்று காட்டினோம். 1 மீட்டர் ஊசல் ஒருமுறை போய்வர ஏறத்தாழ 2 விநாடி. நீளத்தைக் கால் பங்காக்கினால் 1 விநாடி. ஆய்வகம் இருந்தும் சாவி யாரிடம் என்று தெரியாத பள்ளிகளுக்கு நம்மிடம் மருந்தில்லை.

சிலர் ஆண்டின் நடுவிலேயே விலகிவிட்டது வருத்தம். நெரிசல் மிகுந்த வகுப்புகளும் அதிகப் பாடவேளைகளும் புதியவர் தலையில்தான் விழுகின்றன. இயற்பியல் படித்தவர் உயிரியலும் எடுக்கிறார். கணித, அறிவியல் ஆசிரியராகப் பயில்வோருக்கான அமெரிக்காவின் நாய்ஸ் உதவித்தொகைத் திட்டத்தில், ஓராண்டு உதவி பெற்றவர் ஈராண்டு இத்தகைய தேவை மிகுந்த பள்ளிகளில் பணியாற்ற வேண்டும். அதுபோல் இங்கும் கோரலாம் என்று உறுப்பினர் சிலர் எழுதியிருந்தார்கள். கோரலாம். ஆனால் பாடவேளை அட்டவணையைத் திருத்தாமல் நிபந்தனை மட்டும் போட்டால், கெடு முடிந்த அன்றே கிளம்பிவிடுவார்கள் என்பது என் கருத்து.

ஆகவே, புதியவருக்கும் வழிகாட்டிக்கும் வாரம் ஒரு பாடவேளையை ஒரே நேரத்தில் விடுவிக்கும்படி கல்வித் துறையைக் கேட்கும் தீர்மானத்தைப் பொதுக்குழு முன் வைக்கிறேன். வரவு செலவு விவரத்தைப் பொருளாளர் வாசிப்பார்.