கடைக்கு நடந்து போவதையும் செயலி எண்ணட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானப் பகுதியில் அதிகாலையில் நடப்பவர்களில் நானும் ஒருவன். என்னோடு நடப்பவர்களில் பலர், கூப்பிடு தூரத்தில் வீடு உள்ளவர்கள் உட்பட, இருசக்கர வாகனத்தில் வந்து இறங்கி, கைபேசிச் செயலி பத்தாயிரம் அடி காட்டும்வரை சுற்றி நடந்துவிட்டு, அதே வண்டியில் பாலும் காய்கறியும் வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். சென்ற ஆண்டு வரை நானும் அப்படித்தான் செய்தேன். நடையைத் தூண்டுவதற்கென்று வந்த செயலி, நடையை அன்றாடப் போக்குவரத்திலிருந்து பிரித்துவிட்டதோ என்ற கவலையே இக்கடிதத்தை எழுத வைத்தது.

அந்தப் பத்தாயிரம் என்ற எண்ணும் மருத்துவர்கள் கணக்கிட்டுச் சொன்னதன்று. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவி ஒன்றின் பெயரிலேயே 'பத்தாயிரம் அடி' என்ற சொல் இருந்தது. அங்கிருந்துதான் அது உலகெங்கும் இலக்காகப் பரவியது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குப் பரிந்துரைப்பது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலியக்கம். ஓய்வுபெற்ற கணித ஆசிரியனாகிய நான் இதை இப்படிப் பிரித்துப் பார்க்கிறேன்: வாரத்தில் ஐந்து நாள், போக 15 நிமிடம், வர 15 நிமிடம். நடந்தால் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல்; சைக்கிளில் சுமார் 3 கிலோமீட்டர். மார்க்கெட், கோயில், வங்கி, பேரப்பிள்ளையின் பள்ளி என நம்முடைய அன்றாட வேலைகளில் பெரும்பகுதி இந்தத் தூரத்துக்குள் முடிந்துவிடக் கூடியதே.

இத்தாலியின் பொலோனியா நகரில் 2017இல் தொடங்கிய 'பெல்லா மோசா' திட்டம் இதைச் சரியாகப் புரிந்துகொண்டது. நடந்தோ, சைக்கிளிலோ, பேருந்திலோ போகிறவர்களுக்குச் செயலி புள்ளிகள் தந்தது. அவற்றைக் கொடுத்து உள்ளூர்க் கடைகளில் ஐஸ்கிரீமோ சினிமாச் சீட்டோ வாங்கிக்கொள்ளலாம். கடந்த தூரத்தைப் பார்க்காமல், மேற்கொண்ட பயணத்துக்கே புள்ளி வழங்கியதுதான் அதன் சிறப்பு. நான்கு ரத வீதிகளைச் சுற்றியுள்ள கடைக்காரர்களும் பாளையங்கோட்டை மார்க்கெட் வியாபாரிகளும் சேர்ந்தால், நம்மூரிலும் நடந்து வருகிற வாடிக்கையாளருக்கு ஒரு சிறு தள்ளுபடி தருவது இயலாத காரியமா?

ஆனால் புள்ளிகளைவிட நான் பெரிதாக எதிர்பார்ப்பது, செயலியில் சேரும் தகவலின் பயனை. கைபேசியின் அசைவுணரியும் ஜி.பி.எஸ்.ஸும் வேகத்தையும் அதிர்வையும் வைத்து, ஒருவர் நடக்கிறாரா, சைக்கிள் மிதிக்கிறாரா, வண்டியில் போகிறாரா என்று ஊகிக்கின்றன. நெரிசலில் ஊர்ந்து செல்லும் ஆட்டோவைச் சைக்கிள் என்று தவறாகக் கொள்வதும் உண்டு. ஆயினும் ஆயிரம் பேரின் பயணங்களைச் சேர்த்துப் பார்த்தால், எந்த இடத்தில் எல்லோரும் நடைபாதையிலிருந்து சாலைக்கு இறங்க நேர்கிறது, எந்தச் சந்திப்பில் சாலையைக் கடக்க நெடுநேரம் காத்து நிற்க வேண்டியிருக்கிறது என்பதை மாநகராட்சிப் பொறியாளர்கள் ஓரளவு அறிந்துகொள்ள முடியும். பயனாளியே ஒரு படம் எடுத்து அனுப்பும் வசதியும் இருந்தால் ஐயம் நீங்கிவிடும். வழிகாட்டும் செயலிகள் பெரும்பாலும் விரைவில் போய்ச் சேரும் வழியையே காட்டுகின்றன. சித்திரை வெயிலில் வண்ணார்பேட்டைக்கு நடக்கிறவர் தேடுவதோ நிழலுள்ள வழியை. இரவு பணி முடிந்து திரும்பும் பெண்களுக்கு விளக்கு எரியும் தெரு எது என்று தெரிய வேண்டும். உள்ளூர்ச் செயலி ஒன்று இவற்றைச் சேர்த்துச் சொல்லலாம்.

ஸ்மார்ட்போன் இல்லாதவர்களை விட்டுவிடக் கூடாது. மேலப்பாளையத்திலும் முக்கூடலிலும் சுற்றிய பீடிகளை ஒப்படைக்கக் கடைக்கு நடந்து போகிற பெண்களும், அரசு தந்த விலையில்லாச் சைக்கிளில் பள்ளிக்கு வருகிற பிளஸ் 1 மாணவ, மாணவியரும்தான் இந்த வட்டாரத்தில் உண்மையாகவே நடந்தும் மிதித்தும் போகிறவர்கள். அவர்களுக்குப் பாதுகாப்பான சாலை கிடைக்காமல், வசதியுள்ளவர்களுக்கு மட்டும் பரிசு கிடைக்குமானால் அது நியாயமாகாது. மாணவர்கள் பள்ளிக்குக் கைபேசி கொண்டுவர வேண்டியதில்லை. வருகைப் பதிவின்போது நடந்து வந்தவர், சைக்கிளில் வந்தவர் எண்ணிக்கையை வகுப்பாசிரியரே தம் கைபேசியில் பதிந்துவிடலாம்.

ஒருவர் தினமும் எத்தனை மணிக்கு எந்தத் தெரு வழியாகப் போகிறார் என்பது பிறர் கைக்குப் போகக் கூடாத செய்தி. ஓட்டத்தையும் சைக்கிள் பயணத்தையும் பதிவுசெய்யும் ஸ்ட்ராவா செயலி வெளியிட்ட பயண வரைபடத்திலிருந்து ராணுவ முகாம்களின் இருப்பிடங்களே புலப்பட்டுவிட்டது 2018 ஜனவரியில் தெரியவந்தது. ஆகவே வீட்டருகே தொடக்கமும் முடிவும் பதிவாகாதபடியும், பெயரின்றித் தொகுத்த கணக்கு மட்டுமே மாநகராட்சிக்குச் செல்லும்படியும் செயலியை அமைக்க வேண்டும்.

ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் 2017இல் இடம்பெற்ற நம் திருநெல்வேலி நகரம், பாளையங்கோட்டையில் பள்ளிகள் அடுத்தடுத்து அமைந்திருக்கும் ஏதாவது ஒரு சாலையை எடுத்துக்கொண்டு, வரும் ஜூனில் பள்ளி திறந்ததும் மூன்று மாதம் இதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று மாநகராட்சியைக் கேட்டுக்கொள்கிறேன். காலையில் அந்தச் சாலையில் நின்று கணக்கெடுக்க ஆள் தேவைப்பட்டால் நான் வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
பாளையங்கோட்டை.