கடல் இருக்கட்டும், துறைமுகம் வரை போக வேண்டாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

இங்கிலாந்துக் குளிருக்குத் தப்பி, சக்கரம் வைத்த வீடு மாதிரியான கேரவனைக் காருக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுத்துக்கொண்டு ஸ்பெயினுக்குக் கப்பலேறும் குடும்பங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஸ்பெயின் கடற்கரை ஊர் பெனிடார்மின் வெயில், கப்பல் கேபின், பிஸ்கே விரிகுடாவின் அலை எல்லாம் நன்றாகவே வந்திருந்தன. வீட்டு வாசலிலிருந்து துறைமுகம் போய்ச் சேரும் பாட்டைப் பற்றித்தான் ஒரு வரிகூட இல்லை. வண்டி இழுப்பவர்களுக்கு வயிற்றைக் கலக்குவது அந்தப் பகுதிதான். கப்பலுக்குள் ஏற்றிவிட்டால் அப்புறம் அது கேப்டன் பாடு.

நாங்கள் இருப்பது கவென்ட்ரி. ஸ்பெயின் கப்பல் புறப்படும் தென்கரைத் துறைமுகமான போர்ட்ஸ்மத் போக எம்40, ஏ34, எம்3, எம்27 நெடுஞ்சாலைகள் என்று வழி. இதில் ஏ34 ஒரு தனி ரகம். பக்கத்துக்கு இரண்டே தடம், அதில் சவுத்தாம்ப்டன் துறைமுகத்துக் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி ஓடும். கேரவன் இழுக்கும் காருக்கு இந்த மாதிரிச் சாலையில் சட்டப்படி மணிக்கு 60 மைல் வரை போகலாம். டிசம்பர் காற்றில் யார் 60 போவார்கள்? நாம் 50க்கு இறங்குவோம். வேகப் பூட்டு போட்ட லாரி 56இல் மெல்ல மெல்லப் பக்கத்தில் ஏறும். அதன் முன்பக்கம் நம்மைத் தாண்டும்போது காற்று கேரவனை ஓரத்துக்குத் தள்ளும். பின்பக்கம் தாண்டும்போது உள்ளே இழுக்கும். கேரவன் வாலாட்ட ஆரம்பித்தால் பிரேக்கை ஓங்கி மிதிக்கக் கூடாது. ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, வேகம் தானாகக் குறையும்வரை பொறுக்க வேண்டும். பொறுப்பது எவ்வளவு கஷ்டம் என்பது அங்கே உட்கார்ந்தால்தான் தெரியும்.

இந்த ஆட்டத்துக்குப் பாதிக் காரணம் நாம் சாமான் அடுக்கும் விதம். நம்மவர்கள் 20 கிலோ அரிசி மூட்டையையும் கிரைண்டரையும் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று கேரவனின் கடைசி மூலையில் தள்ளிவிடுகிறார்கள். கனமானதெல்லாம் அச்சுக்கு மேலே, தரையோடு இருக்க வேண்டும். கொக்கியின் மேல் இறங்கும் எடையை அளக்கச் சின்ன எடைமானி கடையில் கிடைக்கிறது. சாமான் ஏற்றிய கேரவனின் எடை, காரின் எடையில் 85 சதவீதத்தைத் தாண்டாமல் இருந்தால் புதியவர்களுக்கு நல்லது என்று இங்குள்ள கேரவன் சங்கங்கள் சொல்கின்றன. 1997க்குப் பிறகு கார் லைசென்ஸ் வாங்கியவர்கள் பெரிய கேரவன் இழுக்க முன்பு தனியாக ஓட்டுநர் தேர்வு பாஸாக வேண்டியிருந்தது. 2021 டிசம்பரில் அதை எடுத்துவிட்டார்கள். சரி, தேர்வு போயிற்று. ரிவர்ஸ் எடுக்கக்கூடவா பழக வேண்டாம்?

அடுத்தது, நடுவில் நிறுத்த இடம். நெடுஞ்சாலை ஓரத்தில் இளைப்பாறும் ஒரு சர்வீஸ் நிலையத்தில் கேரவனுக்கென்று கோடு போட்ட நீள இடங்களில் முழுக்கக் கார்கள் நின்றிருந்தன. லாரிப் பக்கம் போனால் அங்கேயும் நிரம்பி வழிந்தது. டீகூடக் குடிக்காமல் மறுபடி சாலைக்கு வந்தோம். நிலையக்காரர்கள் கார்களைத் தடுக்க ஒரு கூம்பு வைத்தால் போதும், தீர்ந்துவிடும் விஷயம்.

கட்டுரையாளர் இங்கிலாந்தின் டோவரிலிருந்து பிரான்சின் கலேக்குக் கடக்கும் வழிதான் மலிவு என்கிறார். டிக்கெட்டை மட்டும் பார்த்தால் மலிவுதான். கடலில் ஒன்றரை மணி நேரம். ஆனால் கலேயிலிருந்து ஸ்பெயினின் வடகரைத் துறைமுகமான சாந்தாந்தருக்குச் சாலையில் 1,200 கிலோமீட்டருக்கு மேல். பிரான்சின் சுங்கச் சாவடியில் கேரவனுக்குக் காரைவிடக் கட்டணம் கூடுதல். வழியில் தங்கலாம் என்றால் அங்குள்ள கேரவன் முகாம்களில் பெரும்பாலானவை குளிர்காலத்தில் பூட்டிக் கிடக்கும். டீசல், சுங்கம், ராத்தங்கல் எல்லாம் கூட்டிப் பார்த்தால் மிச்சம் பிடித்த காசு எங்கே என்று தேட வேண்டியிருக்கும். என் கட்சி போர்ட்ஸ்மத்திலிருந்து நேராக ஸ்பெயின் போகும் கப்பல்தான். ஒரு நாளுக்கு மேல் கப்பல் என்றாலும் அந்த நேரத்தில் ஓட்டுபவர் தூங்குகிறார். டிக்கெட் போடும்போது மட்டும் காரின் முன் பம்பரிலிருந்து கேரவனின் பின்னால் மாட்டிய சைக்கிள் வரை நீளம் சொல்லுங்கள். கேஸ் சிலிண்டரை மூடிவிட்டு ஏறுங்கள்.

இறங்கும் துறைமுகத்திலும் யோசனை வேண்டும். ஸ்பெயின் என்றால் வெயில் என்று நினைத்துச் சாந்தாந்தரில் இறங்குபவர்களை, தெற்கே போகும் ஏ-67 சாலை அன்றே சுமார் 1,000 மீட்டர் உயரத்துக்கு ஏற்றிவிடும். ஜனவரியில் அங்கே பனி சகஜம். இரவில் கேரவனை நீலச் சிலிண்டர் கேஸான பியூட்டேனில் சூடாக்கினால், அது பூஜ்ஜியம் டிகிரிக்குப் பக்கத்தில் வந்தாலே ஆவியாகாது, ஹீட்டர் அணைந்துவிடும். சிவப்புச் சிலிண்டர் புரொப்பேன்தான் கைகொடுக்கும். தென்கிழக்குக் கரையிலுள்ள அலிகாந்தே பக்கம் போகிறவர்கள், இன்னொரு வடகரைத் துறைமுகமான பில்பாவோவில் இறங்கி, ஸாரகோஸா வழியாகத் தாரகோனா கடற்கரையைப் பிடித்தால் ஏற்றம் குறைவு. தாரகோனாவிலிருந்து அலிகாந்தே வரை 2020 முதல் சுங்கமும் கிடையாது.

இன்னொன்று, பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் ஸ்பெயின், பிரான்ஸ் உள்ளிட்ட ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாளிலும் மொத்தம் 90 நாள்தான் தங்க முடியும். அக்டோபரில் போய் மார்ச்சில் திரும்பும் பழைய வழக்கத்தைக் கட்டுரை இன்னும் நடப்பது போலவே எழுதியிருக்கிறது, அதைத் திருத்த வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்கு ஷெங்கன் விசா தனியாக வேண்டும். இங்கிருந்து அங்கே போகும்போது சாப்பாட்டுப் பெட்டியில் நெய், தயிர், இறைச்சி, கறிவேப்பிலை எதுவும் கூடாது, தேங்காய்க்குத் தடையில்லை.

இப்படிக்கு,
வாசகர், கவென்ட்ரி