விந்தணுக்கொல்லியை மட்டும் நம்பலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

கருத்தடை பற்றி எந்தக் கட்டுரை வந்தாலும் விந்தணுக்கொல்லிக்கு, அதாவது விந்தணுவை அழிக்க உறவுக்கு முன் பெண்ணுறுப்புக்குள் வைக்கும் ஜெல், மாத்திரை, மெல்லிய ஏடு போன்ற ஃபிலிம் முதலிய மருந்துகளுக்கு, ஒரே ஒரு வரிதான் ஒதுக்குகிறார்கள்: ஹார்மோன் கிடையாது, பக்கவிளைவு கிடையாது, யாரும் பயன்படுத்தலாம். ஹார்மோன் இல்லை என்பது சரி, தாய்ப்பால் கொடுப்பவர்களுக்குக்கூட அது ஒரு நல்ல விஷயம்தான். ஆனால் இதை மட்டும் நம்பியிருக்கும் 100 பெண்களில் ஒரே வருடத்தில் 20 பேருக்கு மேல் கருத்தரிக்கிறார்கள் என்பதை ஏன் யாரும் எழுதுவதில்லை? ஒவ்வொரு முறையும் துளி பிசகாமல் பயன்படுத்தினாலே 15 பேருக்கு மேல். கர்ப்பப்பைக்குள் பொருத்தும் காப்பர்-டி போட்ட 100 பேரில் ஒருவருக்குக்கூட அப்படி ஆவது அரிது.

பயன்படுத்தும் முறையையாவது முழுதாகச் சொல்ல வேண்டாமா? மாத்திரையோ ஃபிலிமோ என்றால் உள்ளே ஆழமாக, கர்ப்பப்பை வாய்க்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அது கரைய 10, 15 நிமிடம் காத்திருக்க வேண்டும். பொதுவாக ஒரு மணி நேரம்தான் அதற்கு வேலை, அதற்குப் பிறகோ இரண்டாம் முறையோ என்றால் புதிதாக வைக்க வேண்டும். அப்புறம் முக்கியமான ஒன்று, உறவு முடிந்ததும் உள்ளே தண்ணீர் விட்டுக் கழுவினால் பாதுகாப்பு என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், உண்மையில் அப்படிக் கழுவினால் மருந்துதான் வெளியே போகும். 6 மணி நேரமாவது அப்படியே விட வேண்டும்.

பக்கவிளைவுக்கு வருகிறேன். இவற்றில் பெரும்பாலும் இருப்பது நானாக்ஸினால்-9. சோப்பு போல வேலை செய்து விந்தணுவின் மேலுறையை உடைக்கும் ரசாயனம் அது. அடிக்கடி பயன்படுத்தினால் பெண்ணுறுப்பின் உட்தோலையும் அது புண்ணாக்கும், அந்தப் புண் வழியாக எச்ஐவி எளிதாக நுழையும். ஒரு காலத்தில் இதுவே எச்ஐவியைத் தடுக்கும் என்று நம்பி ஆப்பிரிக்காவிலும் தாய்லாந்திலும் பாலியல் தொழிலாளர்களிடம் சோதித்தார்கள். 2002-இல் வெளியான முடிவு நேர்மாறாக இருந்தது, இந்த ஜெல்லைப் பயன்படுத்திய பெண்களுக்குத்தான் தொற்று அதிகம். 2007-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இந்த எச்சரிக்கையை உறையிலேயே அச்சிடச் சொல்லிவிட்டது. இத்தனைக்கும் பிறகு "பக்கவிளைவு இல்லை" என்று எழுதுவதைப் படிக்கும்போது கோபம்தான் வருகிறது. சிலருக்குச் சிறுநீர்த் தொற்றும் வரும்.

இதை யாருமே தொடக்கூடாது என்று நான் சொல்லவில்லை. எச்ஐவி அபாயம் இல்லாத தம்பதி, எப்போதாவது, ஆணுறையோடு சேர்த்துப் பயன்படுத்தினால் கருத்தடைக்குக் கூடுதல் பலம். தொற்று பயம் இருந்தால் இந்த மருந்து தடவாத சாதாரண ஆணுறைதான் சரி.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது தோல்வி விகிதத்தையும் எச்ஐவி எச்சரிக்கையையும் தயவுசெய்து சேர்த்துப் போடுங்கள். கூடவே, ஒருநாள் தவறிவிட்டால் 5 நாளுக்குள் அவசரக் கருத்தடை மாத்திரையோ காப்பர்-டியோ உண்டு, மாத்திரை என்றால் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது என்பதையும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி