ஓப்பன் ஆஃபர்: ஞாயிறு கூட்டம், அதற்கு முன் செய்ய வேண்டியவை

அனைவருக்கும் வணக்கம்.

நம்மில் பலர் பங்கு வைத்திருக்கும் பேட்டரி மறுசுழற்சி நிறுவனத்தைக் கையகப்படுத்த ஓப்பன் ஆஃபர் (நம்மைப் போன்ற பங்குதாரர்களிடம் குறித்த விலைக்குப் பங்கு வாங்க முன்வருவது) வந்துள்ளது. வரும் ஞாயிறு மாலை 5 மணிக்குக் கும்பகோணம் மகாமகக் குளம் வடகரையில், வழக்கமான மாடியில் கூடிப் பேசுவோம்.

1. பங்கு ஒப்படைக்க, அதாவது ஆஃபரில் விற்கக் கொடுக்க, 10 வேலை நாள்தான். சில புரோக்கர்கள் கடைசி நாளுக்கு முன்பே விண்ணப்பத்தை நிறுத்திவிடுவார்கள்.

2. ஒப்படைத்தால் திரும்பப் பெற முடியாது. பங்கு உங்கள் டீமேட்டிலேயே (மின்னணுப் பங்குக் கணக்கு) முடக்கப்பட்டிருக்கும். இடையில் சந்தை விலை ஏறினாலும் விற்க முடியாது. ஆஃபர் விலையை உயர்த்துவதானால், ஒப்படைப்பு தொடங்க ஒரு வேலை நாள் முன்புவரைதான் உயர்த்தலாம். அதன் பின் ஆஃபர் விலை ஏறாது, பங்கும் முடங்கிவிடும் என்பதால் முதல் நாளே அவசரப்பட்டு ஒப்படைப்பதில் லாபமில்லை.

3. பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் விதிப்படி ஆஃபர் நிறுவனத்தின் குறைந்தது 26 சதவீதப் பங்குக்கு. கேட்டதைவிட இரு மடங்கு வந்தால், 400 பங்கு கொடுத்தவருக்குச் சுமார் 200 திரும்பிவிடும். ஆஃபர் முடிந்ததும் விலை இறங்குவது சகஜம். மீதிப் பங்குக்கும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

4. சந்தை விலை ஆஃபரைவிட அதிகமானால் சந்தையில் விற்பதே மேல்.

5. காகிதப் பங்கு வைத்திருப்போர் அசல் சான்றிதழ், எஸ்எச்-4 (பங்கு மாற்றப்) படிவம், பான் நகல் எடுத்து வரவும். கையெழுத்து மாறியிருந்தால் நிராகரிப்பார்கள், இப்போதே பாருங்கள்.

6. சுயேச்சை இயக்குநர்கள் குழுவின் பரிந்துரையைத் தவறாமல் படியுங்கள். 2022 பேட்டரிக் கழிவு விதிகள் தரும் இபிஆர் சான்றிதழ் (மறுசுழற்சி செய்ததற்காகப் பெற்று, பேட்டரி உற்பத்தியாளர்களுக்கு விற்பது) வருமானம் ஆண்டறிக்கையில் எவ்வளவு என்றும் பார்த்து வாருங்கள். என் பார்வையில் விலை போதுமா என்பதற்கு அதுவே முக்கியம்.

வெள்ளி இரவுக்குள் பெயர், பங்கு எண்ணிக்கை, டீமேட்டா காகிதமா, வருகிறீர்களா என்று பதிலிடவும். டீமேட் எண், பான் எண்ணைக் குழுவில் போட வேண்டாம்.