கொழும்பு டயர் வணிகர்களுக்கு ஒரு திறந்த மடல்: நான்கு இலக்கங்களைக் காட்டிவிட்டுப் பூட்டுங்கள்

மதிப்பிற்குரிய டயர் இறக்குமதியாளர்களுக்கும் கடை உரிமையாளர்களுக்கும்,

வணக்கம். டயரின் பக்கச்சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கங்கள் என்ன சொல்கின்றன என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. முதல் இரண்டும் டயர் தயாரான வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. டயரை ரிம்மில் ஏற்றுவதற்கு முன் அந்த நான்கு இலக்கங்களை வாங்குபவரிடம் காட்டுங்கள், பற்றுச்சீட்டிலும் எழுதிக் கொடுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

2024 பெப்ரவரியில் என் டொயோட்டா பிராடோ ஜீப்புக்கு நான்கு டயர்கள் வாங்கினேன். அளவு 265/65 ஆர் 17 (265 என்பது மில்லிமீற்றரில் டயரின் அகலம்). ஒரு டயர் தாங்கும் எடையைக் காட்டும் சுமைக் குறியெண் 112. நான்கும் ஒரே கடையில், ஒரே தயாரிப்பு, ஒரே விலை. கடையின் பெயரை எழுதப் போவதில்லை. பற்றுச்சீட்டில் அளவும் தொகையும் மட்டுமே இருந்தன. நானும் அதற்கு மேல் எதையும் கேட்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆகஸ்டில் அம்மாவை அழைத்துக்கொண்டு நுவரெலியாவுக்குப் புறப்பட்டோம். மாவனல்லையை நெருங்கும்போது பின்பக்கத்தில் ஒரு தட்டல் கேட்கத் தொடங்கியது. வீதியோரத்தில் பஞ்சர் ஒட்டும் ஒருவரிடம் நிறுத்தினேன். அவர் சில்லைக் கழற்றிக் கிடத்தி, உட்பக்கச் சுவரை ஈரத்துணியால் துடைத்தார். கோழிமுட்டையளவில் ஒரு வீக்கம். அதைச் சுற்றித் தலைமுடி போன்ற வெடிப்புகள். பிறகு அவர் விரலை ஓரிடத்தில் வைத்து, "மாத்தயா, இது ஆறு வயசு டயர்" என்றார். விரலின் கீழே 0818 என்றிருந்தது. 2018ஆம் ஆண்டின் எட்டாவது வாரம். மேலதிகச் சில்லைப் பூட்டிக்கொண்டு, கடுகண்ணாவை ஏற்றத்தைப் பார்க்காமலே கொழும்புக்குத் திரும்பினோம். அம்மா வழிநெடுகக் கந்தசஷ்டிக் கவசம் சொல்லிக்கொண்டே வந்தார்.

அன்றிரவு வெள்ளவத்தையில் எங்கள் மாடிக்குடியிருப்பின் நிலக்கீழ் வாகனத் தரிப்பிடத்தில், காட்போர்ட் அட்டையை விரித்து, ஐம்பத்தெட்டு வயதில், கைத்தொலைபேசி வெளிச்சத்துடன் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். முழு எண்ணும் பெரும்பாலும் டயரின் ஒரு பக்கத்தில் மட்டுமே அச்சாகியிருக்கும். அந்தப் பக்கம் உள்ளே போகும்படி பூட்டிவிட்டால், வெளியே நிற்பவருக்குத் தெரிவது பாதி எண்தான். மற்ற மூன்றிலும் 1423 என்று படித்து முடிக்க முக்கால் மணி நேரம் பிடித்தது. கடையில் டயர் தரையில் கிடந்தபோது அரை நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை அது.

கடைக்குத் திரும்பிப் போனபோது, பாவிக்காமல் வைத்திருக்கும் டயருக்கு வயதாகாது என்று விளக்கம் தந்தார்கள். வயதாகும் என்பது உங்களுக்குத் தெரியும். ஒட்சிசனும் வெப்பமும் இரப்பரை மெல்ல மெல்ல இறுக்கி வெடிக்கச் செய்யும். தகரக் கூரையின் கீழ் அடுக்கி வைத்த டயருக்குக் கொழும்பு வெயில் சலுகை தராது. ஆறாண்டில் மாற்றச் சொல்லும் வாகனத் தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள். டயர் தயாரிப்பாளர்கள் பலர், எவ்வளவு குறைவாக ஓடியிருந்தாலும் பத்தாண்டுக்கு மேல் வேண்டாம் என்கிறார்கள். அந்தக் கணக்கில் பாதிக்கு மேல் உங்கள் களஞ்சியத்திலேயே கழிந்துவிட்டால், மீதிக்கு நான் ஏன் முழு விலை தர வேண்டும்?

பரிகாரமாக, வேறொரு தயாரிப்பின் புது டயர் ஒன்றைக் கழிவு விலையில் தருவதாகச் சொன்னார்கள். நான்கு சில்லுகளும் எப்போதும் இயங்கும் வண்டிக்கு, சுற்றளவு மாறுபட்ட ஒற்றை டயரைப் பூட்டினால் முன், பின் சில்லுகளுக்கு விசையைப் பகிரும் நடு டிபரன்ஷியல் ஓய்வின்றி உழைத்துத் தேயும் என்பதை டயர் விற்பவருக்கு வாங்குபவர் சொல்ல வேண்டியிருந்தது. இன்னொரு கடையில், 265 இருப்பில் இல்லை, 245/65 ஆர் 17 போடுங்கள், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது என்றார்கள். கண்ணுக்குத் தெரியாததுதான் சிக்கல். அந்த அளவில் வழக்கமாக வரும் சுமைக் குறியெண் 107. அதாவது ஒரு டயருக்கு 1120 கிலோவுக்குப் பதிலாக 975 கிலோ. விட்டமும் ஏறத்தாழ 26 மில்லிமீற்றர் குறையும். நான்கையும் கூட்டினால் வண்டியின் எடையை விட அதிகம்தானே என்று அந்தத் தம்பி கேட்டார். ஏழு பேரும் மூட்டைகளும் ஏறிய வண்டி, நுவரெலியா வீதியின் றம்பொடை வளைவுகளில் பிரேக் பிடித்து இறங்கும்போது எடையை நான்காகப் பங்குபோட்டுக் கொடுப்பதில்லை.

மூன்றாவது கடையில் சேற்று டயரை, அந்த எம்.டி. வகையைச் சிபாரிசு செய்தார்கள். வண்டிக்கு ஒரு 'கெத்து' வருமாம். மழை நனைத்த தார்வீதியில் அதன் பெரிய கட்டைகள் பிடிமானத்தைக் குறைக்கும், இரைச்சலைக் கூட்டும் என்பதை யாரும் சொல்லவில்லை. பாடசாலை விடும் நேரத்தில் பம்பலப்பிட்டி நடைபாதையில் ஏறுவதைத் தவிர வேறு காடு காணாத வண்டிகளுக்கு அது எதற்கு என்று விளங்கவில்லை. வில்பத்து மணலுக்கு ஆண்டில் இருமுறை போகும் எனக்கே தார்வீதிக்கும் மண்பாதைக்கும் பொதுவான ஏ.டி. வகை போதும், மணலில் இறங்கும்போது காற்றைச் சற்றுக் குறைத்தால் சரி.

1876இல் ஹெனரத்கொடைத் தாவரவியல் பூங்காவில் இரப்பர் கன்று நட்ட நாடு இது. காற்றடைக்கத் தேவையில்லாத கெட்டி டயர்களை உலகத்துக்கே ஏற்றுமதி செய்கிறோம். அதே நாட்டில் டயரின் வயதை அறிய வண்டிக்கு அடியில் படுக்க வேண்டியிருக்கிறது. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. திறந்த பிறகும் விலையைக் கேட்டுவிட்டுப் பழைய வண்டியையே ஓட்டுகிறவர்கள் நாங்கள். வண்டியைத்தான் மாற்ற முடியவில்லை, டயரையாவது நம்பி மாற்ற விடக்கூடாதா?

கோபத்தில் சற்று நீண்டுவிட்டது, பொறுத்தருளுங்கள். விலையைக் குறைக்கச் சொல்லவில்லை. பழைய டயரை விற்கவே கூடாது என்றும் சொல்லவில்லை. வயதைச் சொல்லி, அதற்கேற்ற விலைக்கு விற்றால் வாங்குபவர் தீர்மானிக்கட்டும். பூட்டுவதற்கு முன் நான்கு இலக்கங்களையும் சுமைக் குறியெண்ணையும் காட்டுங்கள். பற்றுச்சீட்டில் ஒவ்வொரு டயருக்கும் தனித்தனியாக எழுதுங்கள். எண் உள்ள பக்கம் வெளியே வரும்படி பூட்ட முடிந்தால் அப்படியே பூட்டுங்கள். இவற்றைத் தயவுசெய்து கவனத்தில் எடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

அந்த 0818 டயர் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. பார்க்க விரும்பும் எந்தக் கடைக்காரருக்கும் கொண்டுவந்து காட்டுகிறேன். இம்முறை எண் உள்ள பக்கம் வெளியே இருக்கும்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு பாவனையாளர்